பழைய எலக்ட்ரிக் கிட்டாரின் வயதையும் மதிப்பையும் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, அதன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு இணையத்தில் தேடுவதுதான். ஓர் ஆண்டு கிடைத்துவிடுகிறது. அந்த ஆண்டை வைத்தே விலையும் பேசப்படுகிறது. வாங்குபவர் ஏமாறுவதும், விற்பவர் தம்மை அறியாமல் தவறான தகவல் தருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கழுத்துப் பகுதியான நெக்கை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் வகைக் கிட்டாரை அரை மணி நேரத்தில் பிரித்து, வேறொரு கிட்டாரின் உறுப்புகளோடு கோத்துவிட முடியும். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அது எத்தனை கைகள் மாறியிருக்கும், எத்தனை பட்டறைகள் ஏறி இறங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே ஓர் எண்ணை நம்பிப் பணத்தை எண்ணி வைப்பது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும்.

ஆகவே, "இந்தக் கிட்டாருக்கு என்ன வயது?" என்ற கேள்வியை, "இதன் உடல், நெக், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), பாட் (ஒலியை மாற்றும் குமிழின் அடியில் உள்ள மின்பாகம்), வண்ணப்பூச்சு ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் என்ன வயது, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா?" என்று மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பும் இந்த ஒத்துப்போதலிலிருந்தே பிறக்கிறது.

தொடங்கும் முன்

தேவைப்படுபவை அதிகமில்லை. ஸ்க்ரூவின் தலையில் கச்சிதமாக அமரும் ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு கைவிளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, மல்டிமீட்டர், புற ஊதா ஒளி தரும் சிறிய டார்ச், ஸ்க்ரூக்களைப் பிரித்து வைக்கத் தடுப்புள்ள தட்டு, தெளிவாகப் படமெடுக்கும் கைபேசி ஆகியவை போதும். பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் தலை சிதைந்த ஒரு பழைய ஸ்க்ரூகூட, நன்கு அறிந்த ஒருவர் பார்க்கும்போது "யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கிட்டாரைத் துடைக்கவோ மெருகேற்றவோ கூடாது. துருப்பிடித்த ஸ்க்ரூ, மங்கிய நிக்கல் மூடி, குமிழ்களின் அடியில் படிந்த அழுக்கு எல்லாம் சான்றுகள். மாற்றப்படாத பாகத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் அழுக்கின் ஓரக்கோட்டை ஒருமுறை துடைத்துவிட்டால் மீண்டும் உருவாக்க முடியாது. ஒவ்வொரு நிலையிலும், பிரிப்பதற்கு முன் ஒரு படமும் பிரித்த பின் ஒரு படமும் எடுங்கள். கிட்டார் இன்னும் பிறருடையதாக இருந்தால், அவருடைய அனுமதி இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தளர்த்தக் கூடாது. உட்பகுதிப் படங்களை அவரிடமே கேட்டுப் பெறலாம். விலை உயர்ந்த கிட்டாருக்கு உட்பகுதிப் படம் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே என் வழக்கம்.

முதல் படி: நிறுவனம், மாடல், நாடு

சின்னத்தைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் சின்னம் பெரும்பாலும் ஒரு மெல்லிய ஒட்டுப்படம்தான். அதைப் போலியாக அச்சிட்டு விற்பவர்கள் உண்டு. எனவே ஹெட்ஸ்டாக்கின் வடிவம், நெக் பொருத்தப்பட்ட விதம், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் அமைப்பு, பாகங்களில் பொறிக்கப்பட்ட எழுத்துகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்களான ஃபெண்டர், கிப்சன் இரண்டையும் எடுத்துக்கொண்டால், ஃபெண்டர் கிட்டார்களில் நெக் பொதுவாக ஸ்க்ரூவால் பொருத்தப்படும். கிப்சனின் முதன்மை மாடல்களில் ஒட்டப்பட்டிருக்கும். கிப்சனின் புகழ்பெற்ற மாடலான லெஸ் பால் வடிவக் கிட்டார் ஒன்றில் கிப்சன் சின்னமும், பின்புறம் நெக்கை இறுக்கும் நான்கு ஸ்க்ரூக்களும் ஒருசேர இருந்தால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தயாரிப்பு நாடு மதிப்பை மிகவும் மாற்றும். ஃபெண்டர் பெயர் அமெரிக்கா, மெக்சிகோ, ஜப்பான் ஆகிய நாடுகளில் தயாரான கிட்டார்களில் உண்டு. ஜப்பானில் தயாரானவை என்றாலே மட்டம் என்ற பழைய எண்ணம் இன்று செல்லாது. 1982-இல் தொடங்கிய ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையரின் 'ஜேவி' வரிசைக் கிட்டார்கள் மலிவு விலைக் கிட்டார்களாகவே வந்தன. இன்று அவற்றைத் தேடிப் பிடிக்கச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

இரண்டாம் படி: சீரியல் எண்ணைப் படித்தல்

ஃபெண்டரின் 1950-களின் தொடக்கக் கிட்டார்களில் எண் பிரிட்ஜ் தகட்டிலோ, பின்புறம் ட்ரெமலோ (சுருதியை அசைக்கும் பொறி) குழியை மூடும் தகட்டிலோ இருக்கும். பிறகு 1976 வரை நெக் பிளேட் எனப்படும் பின்புற உலோகத் தகட்டில் இருந்தது. இந்தத் தகடுகள் ஒரு பெட்டியில் குவிந்து கிடந்து, தொழிலாளியின் கைக்கு வந்த வரிசையில் பொருத்தப்பட்டவை. ஆகவே அந்த எண்ணிலிருந்து ஓரிரு ஆண்டு இடைவெளியைத்தான் ஊகிக்க முடியும். குறிப்பிட்ட மாதத்தைச் சொல்ல முடியாது. தகட்டைக் கழற்றி மாற்றுவதும் ஒரு நிமிட வேலை. 1976-க்குப் பின் எண் ஹெட்ஸ்டாக்குக்கு இடம்பெயர்ந்தது. 'எஸ்' என்று தொடங்கினால் 1970-கள், 'இ' என்றால் 1980-கள், 'என்' என்றால் 1990-கள், 'இசட்' என்றால் 2000-கள். எழுத்தை அடுத்து வரும் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். எஸ்8 என்றால் 1978. ஒட்டுப்படங்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டதால் ஓர் ஆண்டு முன்பின்னாக வருவது இயல்பு. 'வி' என்று தொடங்கும் எண் பழைய மாடல்களை மறுபடி தயாரித்த வரிசைக்கு உரியது. அதிலிருந்து ஆண்டை அறிய முடியாது, நெக்கின் அடியில் உள்ள தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

கிப்சனின் கதை இன்னும் சிக்கலானது. 1953 முதல் 1961 வரை, திட உடல் கிட்டார்களின் ஹெட்ஸ்டாக் பின்புறம் மையால் குத்தப்பட்ட எண்ணின் முதல் இலக்கமே ஆண்டு. 8 என்று தொடங்கினால் 1958. 1960-களில் எண்கள் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டன. ஒரே எண் பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தது. 1970 முதல் 1975 வரை வந்த ஆறிலக்க எண்களிலும் ஒழுங்கு இல்லை; ஆனால் எண்ணுக்குக் கீழே 'மேட் இன் யூஎஸ்ஏ' என்று பதிக்கப்பட்டிருப்பது 1960-களின் கிட்டாரிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டும். 1970-களின் ஒரு கிட்டாரை 1960-களின் விலைக்கு விற்பதற்காக அந்த வரியை இழைத்து அழித்தவர்களும் உண்டு. எண்ணின் கீழே மரம் லேசாகக் குழிந்தோ, அந்த இடத்துப் பூச்சு மட்டும் பளபளத்தோ இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். 1975 முதல் 1977 வரை எண் ஒட்டுப்படமாக வந்தது: 99 என்று தொடங்கினால் 1975, 00 என்றால் 1976, 06 என்றால் 1977.

1977 முதல் வந்த எட்டிலக்க முறைதான் படிக்க எளிது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து ஆண்டு; இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 8-உம் 5-உம் சேர்ந்து 1985. 276 என்பது அந்த ஆண்டின் 276-ஆவது நாள், அதாவது அக்டோபர் 3. கடைசி மூன்று இலக்கங்கள் அன்றைய வரிசை எண். கிப்சனின் கலமசூ ஆலை 1984-இல் மூடப்பட்டுவிட்டதால் இது நாஷ்வில் ஆலையில் தயாரானது என்றும் சொல்லிவிடலாம். 2005-க்குப் பின் இந்த முறையில் ஓர் இலக்கம் கூடியது.

ஐபனேஸின் 1975-க்குப் பிந்தைய ஜப்பானியக் கிட்டார்களில் ஏ முதல் எல் வரையான எழுத்து மாதத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். கே76 என்றால் 1976 நவம்பர். 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸின் அமெரிக்க விநியோக நிறுவனத்தின் மீது ஹெட்ஸ்டாக் வடிவத்தைக் குறித்து வழக்குத் தொடுத்தது. அதை வைத்து, 1970-களின் எந்த ஜப்பானிய நகலையும் "வழக்குக் கால கிட்டார்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பது இன்று பரவலாகிவிட்டது. அந்த வழக்கு ஒரே ஒரு நிறுவனத்தைப் பற்றியது; மற்றவற்றுக்கு அந்தப் பெயரால் ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பாட்டின் முதுகில் உள்ள எண்

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்டுகளின் உலோக முதுகில் ஆறு அல்லது ஏழு இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கும். அமெரிக்கப் பாகங்களில் முதல் மூன்று இலக்கங்கள் பாட்டைத் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்து ஆண்டு, கடைசியில் வாரம். 1377823 என்றால், சிடிஎஸ் நிறுவனம் 1978-இன் 23-ஆவது வாரத்தில் தயாரித்த பாட். ஆறிலக்கம் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான். அது 1950-களா, 1940-களா என்பதைக் கிட்டாரின் மற்ற அடையாளங்களைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும்.

இந்த எண் கிட்டாரின் வயதைச் சொல்வதில்லை. கிட்டார் எந்த நாளுக்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது என்பதைச் சொல்கிறது. பாட் 1978 நடுவில் தயாரானது என்றால், அதுவே முதலில் பொருத்தப்பட்ட பாட்டாக இருக்கும் பட்சத்தில், கிட்டார் அதற்குப் பிறகே உருவானது. எவ்வளவு பிறகு என்பது வேறு கேள்வி. ஃபெண்டர் 1966-இல் பெருந்தொகையாகப் பாட்டுகளை வாங்கிக் குவித்ததால், 1960-களின் இறுதியில் வந்த பல கிட்டார்களிலும் 1966-ஆம் ஆண்டுப் பாட்டுகளே இருக்கின்றன.

பாட்டைப் பார்க்கும்போதே ஈயப்பற்றையும் பாருங்கள். ஆலையில் வைத்த பற்று பழையதாகி மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் ஓரத்தில் பழுப்பேறிய பிசின் படிந்திருக்கும். மீண்டும் சூடாக்கப்பட்ட பற்று பளபளப்பாகவோ, உருண்டு திரண்டோ, பக்கத்துக் கம்பியின் உறையைக் கருக்கியோ இருக்கும். துணி உறையிட்ட பழைய கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு கம்பி ஓடினால் அங்கே பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது.

நான்காம் படி: நெக்கின் அடியில்

ஸ்க்ரூவால் பொருத்தப்பட்ட நெக்கைக் கழற்றினால், உடலுக்குள் அமரும் அதன் அடிப்பகுதியில் ஃபெண்டர் கிட்டார்களில் தேதி இருக்கலாம். 1962-இன் தொடக்கம் வரை அது பென்சிலால் எழுதப்பட்டது. பிறகு ரப்பர் முத்திரையாக வந்தது. முத்திரையின் இறுதியில் வரும் ஏ, பி, சி போன்ற எழுத்து, ஹெட்ஸ்டாக்குக்கு முன்னால் கம்பிகள் அமரும் பள்ளமுள்ள சிறு துண்டான நட்டின் அகலத்தைக் குறிக்கும், மரத்தின் தரத்தை அல்ல. முதலில் கம்பிகளைத் தளர்த்துங்கள். முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒரு கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிவிட்டால் கம்பிகள் டியூனரிலிருந்து அவிழாமல் இருக்கும். நெக் பூச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வலிந்து இழுக்காதீர்கள். தேதி தெரியாமல் போவது பூச்சு பெயர்ந்து போவதைவிட மேல்.

ஒருமுறை எஸ்8 எண் கொண்ட, ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாடல் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி நண்பர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். ஹெட்ஸ்டாக் பெரியது, நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடின் முனை தோட்டா வடிவத்தில் நுனியில் தெரிந்தது, பாட்டுகள் 1978, எல்லாம் பொருந்தின. ஆனால் பின்புறத் தகட்டில் நான்கு ஸ்க்ரூக்கள் இருந்தன. 1971-இன் இறுதியிலிருந்து 1981 வரை ஸ்ட்ராடோகாஸ்டரின் நெக் மூன்று இடங்களில்தான் பொருத்தப்பட்டது. நெக்கைக் கழற்றிப் பார்த்தோம். அடிப்பகுதியில் பழைய துளைகள் மூன்றும் வட்டமான மரக்குச்சிகளால் அடைக்கப்பட்டு, அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக நான்கு துளைகள் போடப்பட்டிருந்தன. குச்சிகளின் ஓரத்தில் வழிந்த பசை இன்னும் மஞ்சளாக உறைந்திருந்தது. உடல் வேறொரு கிட்டாரிலிருந்து வந்தது. நெக்கும் மின்பாகங்களும் உண்மையானவை, எண் உண்மையானது, ஆனால் 1978-இன் முழுமையான கிட்டார் அங்கே இல்லை. அவர் கொடுத்த விலை முழுக் கிட்டாருக்கான விலை. ஹெட்ஸ்டாக்கைக் காட்டும் படம் பத்து அனுப்பிய விற்பனையாளர் பின்புறத் தகட்டின் படம் ஒன்றைக்கூட அனுப்பவில்லை என்பதை அன்றுதான் அவர் கவனித்தார்.

நெக்கைத் திரும்பப் பொருத்தும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுழற்றுங்கள். பழைய மரையில் விழும் இடத்தில் ஒரு சிறு துள்ளல் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரம் புதிதாக அறுபடாது.

ஐந்தாம் படி: மாடலின் வரலாற்றோடு ஒப்பிடுதல்

எண்கள் ஏமாற்றலாம், வடிவத்தில் நிகழ்ந்த சின்னச் சின்ன மாற்றங்களைப் போலியாக ஒன்றுசேர்ப்பது கடினம். ஸ்ட்ராடோகாஸ்டர் 1954-இல் வந்தது. தொடக்கத்தில் நெக் முழுவதும் மேப்பிள்; உடலின் முகப்பில் பொருத்தும் பிக்கார்டு தகடு ஒற்றை அடுக்கு வெள்ளை, எட்டு ஸ்க்ரூக்கள். 1959-இல் விரல் பதியும் பலகையான ஃபிரெட்போர்டு ரோஸ்வுட்டில் வந்தது. அதையொட்டி பிக்கார்டு மூன்றடுக்காகி பதினொரு ஸ்க்ரூக்கள் கொண்டதாயிற்று. முதலில் ரோஸ்வுட் பலகையின் அடிப்பகுதி தட்டையாக, தடிமனாக இருந்தது. 1962-இன் நடுவிலிருந்து அது மெலிந்து வளைந்தது. நெக்கின் நுனியில் அந்த மரக்கோடு நேராக இருக்கிறதா, வில்போல் வளைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். 1965 ஜனவரியில் நிறுவனம் சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்தின் வசம் போனது; அந்த ஆண்டின் இறுதியில் ஹெட்ஸ்டாக் பெரிதாயிற்று. 1977-இல் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்ச் வந்தது. அதற்கு முந்தைய கிட்டார்களில் இருந்த மூன்று நிலை ஸ்விட்சைப் பலர் மாற்றிவிட்டார்கள் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

லெஸ் பால் 1952-இல் தங்க நிற முகப்போடு வந்தது. 1957-இல் பி-90 பிக்கப்புகளின் இடத்தில் செத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்புகள் வந்தன. 1958-இல் தங்க நிறம் போய் சன்பர்ஸ்ட் வண்ணம் வந்தது. 1959-இல் ஃபிரெட் கம்பிகள் அகலமாயின. 1960-இல் நெக் மெலிந்தது. 1961-இல் அந்தப் பெயரிலேயே இன்றைய எஸ்ஜி வடிவம் வந்துவிட்டது. 1958 முதல் 1960 வரையான சன்பர்ஸ்ட் கிட்டார்கள் மொத்தமாகவே இரண்டாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் விலை வீட்டு விலையாகிவிட்டதற்கு அந்தச் சிறிய தொகையும் ஒரு காரணம். 1965-இல் கிப்சன் நெக்குகளின் நட் அகலம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டரிலிருந்து 40-க்குக் குறுகியது. அந்த மூன்று மில்லிமீட்டர் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். 1964-இன் இஎஸ்-335 மாடலுக்கும் 1966-இன் இஎஸ்-335-க்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்துக்கு அதுவும், பின்பக்கக் கம்பி பிடியின் மாற்றமும் காரணங்கள். நெக் ஹெட்ஸ்டாக்கோடு சேரும் இடத்தின் பின்புறத்தில் மேடு ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் 1969-க்கும் 1981-க்கும் இடைப்பட்ட கிப்சன்.

ஆறாம் படி: வண்ணப்பூச்சு

மதிப்பைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. பழைய கிட்டார்களில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இருந்தது. அது மெல்லியது, மஞ்சளாகும், வெப்பநிலை மாறும்போது நுண்ணிய விரிசல் விடும். ஃபெண்டர் 1960-களின் இறுதியில் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. அது கண்ணாடி போல் பளபளத்து, அடிபட்ட இடத்தில் சில்லாகப் பெயரும்.

முதற்பூச்சா, மறுபூச்சா என்பதை அறிய, ஒளி படாத இடங்களையும் ஒளி பட்ட இடங்களையும் ஒப்பிட வேண்டும். பிக்கார்டைக் கழற்றினால், அதன் அடியில் உள்ள நிறம் வெளியே உள்ளதைவிட ஆழமாக, புதிதாக இருக்க வேண்டும். எல்லை பிக்கார்டின் விளிம்பைப் பிசகாமல் பின்பற்ற வேண்டும். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் ஐயப்பட வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரையான ஃபெண்டர் உடல்களில் பூச்சடிக்கும்போது தாங்கிப் பிடிக்கச் சிறிய ஆணிகள் அடிக்கப்பட்டன; பிறகு பிடுங்கப்பட்டன. அந்தத் துளைகள் பிக்கார்டின் அடியில் இருக்கும், உள்ளே வெறும் மரம் தெரியும். துளைக்குள் வண்ணம் வழிந்திருந்தாலோ துளையே காணவில்லை என்றாலோ, உடல் மறுபடி பூசப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால், பழைய நைட்ரோ பூச்சு மங்கிய பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும்; புதிதாகத் தொட்ட இடங்கள் கருமையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். முறிந்து ஒட்டப்பட்ட ஹெட்ஸ்டாக்கைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தேய்மானத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். புதிய கிட்டாரையே பழையதுபோல் தேய்த்து விற்கும் வழக்கம் 1990-களின் நடுவிலிருந்து ஆலைகளிலேயே உண்டு. உண்மையான தேய்மானம் வாசிப்பவரின் உடலோடு பொருந்தும்: முன்கை உராயும் மேல்விளிம்பு, பெல்ட் படும் பின்புறம், பெருவிரல் ஓடும் நெக் என்று அதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

ஏழாம் படி: பிக்கப்புகளும் உடல்நலமும்

மல்டிமீட்டரில் பிக்கப்பின் மின்தடையை அளந்தால், ஸ்ட்ராடோகாஸ்டர் வகை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் பெரும்பாலும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரையும், பழைய கிப்சன் ஹம்பக்கர்கள் 7 முதல் 8.5 வரையும் காட்டும். அளவே இல்லாமல் முடிவிலியைக் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. ஏறத்தாழ 1962 வரை கிப்சன் ஹம்பக்கரின் அடியில் "காப்புரிமை கோரப்பட்டுள்ளது" என்ற ஒட்டுப்படம் இருந்தது. அதன் பிறகு வந்த ஒட்டுப்படத்தில் 2,737,842 என்ற எண் இருக்கும். அது பிக்கப்பின் காப்புரிமை எண்ணே அல்ல, இசைக்கலைஞர் லெஸ் பால் பெற்ற கம்பி பிடியின் காப்புரிமை எண். ஒட்டுப்படம் சரியான எண்ணைக் காட்டினால்தான் அங்கே சந்தேகிக்க வேண்டும்.

பிறகு கிட்டாரின் உடல்நலம். ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவு இருந்தால் நெக் நலமாக இருக்கிறது. அதிகமாக இருந்தால் டிரஸ் ராட் வேலை செய்கிறதா என்று கால் சுற்றுக்கு மேல் போகாமல் சோதியுங்கள். இறுகிப்போன டிரஸ் ராட் மதிப்பைக் கடுமையாகக் குறைக்கும். கிப்சனில் நட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியைச் சாய்ந்த ஒளியில் நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த வடிவமைப்பில் ஹெட்ஸ்டாக் முறிவது மிகச் சாதாரணம்.

எட்டாம் படி: விலையைக் கணக்கிடுதல்

வயது கூடக் கூட விலை கூடும் என்பது தவறு. 1964-இன் ஸ்ட்ராடோகாஸ்டருக்கும் 1974-இன் ஸ்ட்ராடோகாஸ்டருக்கும் பத்தாண்டு வித்தியாசம்தான். விலையில் உள்ள இடைவெளி பல மடங்கு. எந்தக் காலகட்டத்தை வாசிப்பவர்களும் சேகரிப்பாளர்களும் விரும்புகிறார்கள் என்பதே விலையை நிர்ணயிக்கிறது.

அதே நிறுவனம், அதே மாடல், அதே காலகட்டம், அதே வண்ணம் கொண்ட கிட்டார்கள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதைத் தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரத்தின் விலை எதற்கும் சான்றாகாது. ஏழெட்டு விற்பனைகளைச் சேர்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விலக்கிவிட்டு ஒரு விலை எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எல்லை, எதுவும் மாற்றப்படாத கிட்டாருக்கு உரியது. அதிலிருந்து கழிக்க வேண்டியவை உண்டு. உடல் மறுபூச்சுப் பெற்றிருந்தால் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது விண்டேஜ் வணிகத்தில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. முறிந்து ஒட்டப்பட்ட ஹெட்ஸ்டாக்குக்கும் அதே அளவு கழிவு. உடலில் புதிதாக வெட்டப்பட்ட பிக்கப் குழி அதற்கு அடுத்தபடி. மாற்றப்பட்ட பிக்கப்புகளுக்கு, அசல் பிக்கப்புகளை இன்று தேடி வாங்க எவ்வளவு ஆகுமோ அவ்வளவைக் கழிக்கலாம். டியூனர்கள் மாற்றப்பட்டிருந்தால், புதியவற்றுக்காக ஹெட்ஸ்டாக்கில் துளை பெரிதாக்கப்பட்டதா என்பதே முக்கியம். ஃபிரெட்டுகள் நன்றாக மாற்றப்பட்டிருந்தால் பெரிதாகக் கழிக்க வேண்டாம். அவை டயரைப் போலத் தேய்ந்துபோகும் பாகங்கள். அசல் பெட்டி, வாங்கிய ரசீது, கழற்றிய பழைய பாகங்கள் ஆகியவை விலையைக் கூட்டும். 1960-களின் ஃபெண்டரில் சிறப்பு வண்ணங்கள் இருந்தால், அவை முதற்பூச்சு என்று உறுதியான பிறகே கூட்ட வேண்டும்.

"இது இன்னார் வாசித்தது" என்ற பேச்சுக்குத் தனி விலை உண்டு, ஆனால் சான்று இருந்தால் மட்டும். டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019 ஜூனில் 39,75,000 டாலருக்கு ஏலம் போனது. அது பல முறை பாகங்கள் மாற்றப்பட்ட கிட்டார். அந்தத் தொகை மரத்துக்கும் கம்பிக்கும் கொடுத்ததல்ல, ஆவணப்படுத்தப்பட்ட வரலாற்றுக்குக் கொடுத்தது. புகைப்படமும் எழுத்துச் சான்றும் இல்லாத கதைக்கு விலையில் இடம் கொடுக்காதீர்கள்.

யாருக்கு விற்கிறீர்கள் என்பதும் தொகையை மாற்றும். வணிகர் தம் கடையில் விற்கும் விலையில் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் உங்களுக்குத் தர முடியும். அவருக்கு முதலீடும் பழுதுபார்ப்பும் காத்திருப்பும் உண்டு. நேரடியாக விற்றால் அதிகம் கிடைக்கும், காலம் பிடிக்கும். காப்பீட்டுக்கான மதிப்பீடு இவை இரண்டிலிருந்தும் வேறு: தொலைந்தால் அதே போன்ற ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் முழுத் தொகையை அதில் எழுத வேண்டும்.

நாட்டின் எல்லையைக் கடந்து விற்பதாக இருந்தால் ஃபிரெட்போர்டின் மரத்தைக் கட்டாயம் பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை பயன்பட்ட பிரேசிலிய ரோஸ்வுட், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸின் மிகக் கடுமையான பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் அனுப்பினால் கிட்டார் பறிமுதல் ஆகக்கூடும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு.

கண்டறிந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: சீரியல் எண், ஒவ்வொரு பாட்டின் எண், நெக்கின் தேதி, பிக்கப்புகளின் அளவு, எவை அசல், எவை மாற்றப்பட்டவை, எவற்றை உறுதிப்படுத்த முடியவில்லை என்று. எடுத்த படங்களை அச்சிட்டு அதோடு சேர்த்து, கழற்றிய பழைய பாகங்களை ஒரு சிறு பையிலிட்டுக் கிட்டாரின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.